விறகு வகையில் ஒரு கிட்டார்

“நடுவுல ஓட்டை எதுக்கு சார்?”

“சத்தம் வாரதுக்கும்மா.”

“எரியும்போதா?”

ரியாஸ் கைபேசியைக் காதிலிருந்து எடுத்து அதன் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பேசுவது மனுஷியா இயந்திரமா என்று அதில் தெரியவில்லை. மறுபடி காதில் வைத்து, தான் விற்பது எரிக்கிற சாமான் இல்லை, கிட்டார், மடியில் வைத்து வாசிக்கிறது என்று முதலிலிருந்து விளக்கினான். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். ஜம்போலா இணையச் சந்தையின் சேவைப் பிரிவில் இருப்பவர்களுக்குப் பொறுமை தாராளமாகக் கொடுக்கப்பட்டிருந்தது. வேறு அதிகாரம் எதுவும் கொடுக்கப்படவில்லை.

“உங்க உணர்வைப் புரிஞ்சுக்கிறேன் சார். ஓட்டையைக் காற்றோட்ட வசதின்னு குறிச்சிருக்கேன். காற்றோட்டமுள்ள விறகுக்கு நாங்க தனி முத்திரை குடுக்கிறோம், கட்டணம் கிடையாது. ஒரு துண்டு எவ்வளவு நீளம் சார்?”

“துண்டெல்லாம் இல்லம்மா. முழுசு. மூணு அடிக்கு மேல வரும்.”

“அவ்வளவு நீளம் அடுப்புல நுழையாது சார். ஒரு அடியா வெட்டித் தர முடியுமா?”

அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து உப்புத்தாளை மடித்துக் கிழித்துக்கொண்டிருந்த நசீமா கைபேசியைப் பிடுங்கினாள். ரியாஸின் மனைவி. ஜம்போலாவில் அவனுக்குக் கடை திறந்து கொடுத்தவளும், அதன் கடவுச்சொல் தெரிந்தவளும் அவள்தான். “வெட்டித்தானே தரணும்? எங்க வீட்டுக்காரவுக கைய வெட்டி அனுப்புறேன். எத்தனை அடின்னு நீங்களே அளந்துக்கிடுங்க” என்றாள்.

மறுமுனையில் கொஞ்சநேரம் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், மனித உறுப்புகள் தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருப்பதாகவும், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டாள்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஒரு தகரக் கொட்டகையின் நிழலில் கிட்டார்கள் தலைகீழாகத் தொங்குவது தெரியும். கம்பி மாட்டாத, வார்னிஷ் காய்கிற கிட்டார்கள். எங்கோ தூரதேசத்துக்குப் போகிற வழியில் வெயில் தாங்காமல் இறங்கித் தூங்குகிற பறவைகள் மாதிரி இருக்கும். ரியாஸின் பட்டறை அது. ஷார்ஜாவில் இசைக்கருவி பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவன் அவன்.

அங்கே ஒருநாள் ஒரு அமெரிக்கர் உடைந்த கிட்டாரைக் கொண்டுவந்தார். அதன் முதுகுப் பலகையை உப்புத்தாளால் தேய்த்தபோது எழுந்த தூளின் வாசனையில் ரியாஸுக்குத் தன் வீட்டு அடுப்படி ஞாபகம் வந்தது. விசாரித்தான். அவர்கள் ஊரில் அந்த மரத்துக்கு ஏதோ மரியாதையான பேர் இருந்தது. ஆனால் அது சீமைக்கருவேலத்தின் ஒன்றுவிட்ட அண்ணன் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஊரில் நிலத்தடி நீரைக் குடிக்கிறது, கண்மாயை மூடுகிறது, ஆட்டின் காலில் முள் ஏற்றுகிறது என்று எல்லாரும் திட்டிக்கொண்டே அதைவைத்துச் சோறு பொங்குகிற மரம். அது இங்கே இருமிக்கொண்டு எரிகிறது, அங்கே பாடிக்கொண்டிருக்கிறது. இந்த அநியாயத்தைத் தாங்க முடியாமல்தான் அவன் ஊர் திரும்பினான் என்று நசீமா சொல்வாள். விசாவும் முடிந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வாள்.

மரம் கொடுப்பவன் முனீஸ்வரன். ரியாஸோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். கண்மாய்களில் கருவேல மரங்களை ஏலம் எடுத்து, மல்லாங்கிணறுப் பக்கம் மூட்டம் போட்டுக் கரி எடுப்பவன். கிழட்டு மரமாகத் தடித்த அடிமரம் மாட்டினால் மட்டும் மூட்டத்துக்குள் தள்ளாமல் ரியாஸுக்கு ஒதுக்கிவைப்பான். “ஏலே, இதை எரிச்சாக் கரி. ஒன்கிட்ட குடுத்தாக் கச்சேரி. ரெண்டுலயும் எனக்குப் புகைதான்” என்பான்.

ஜம்போலா வருவதற்கு முன்பு கிட்டார் வேண்டியவர்கள் ரியாஸுக்குப் போன் செய்து, ஒரு காகிதத்தில் உள்ளங்கையைப் பதித்துக் கோடு போட்டு அனுப்புவார்கள். அந்தக் கைக்குத் தகுந்தாற்போல அவன் கிட்டாரின் கழுத்தை இழைப்பான். தூத்துக்குடியில் கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிறவர், கொச்சியில் ஒரு கல்லூரி ஆசிரியை, பெங்களூரில் சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்த ஒரு பெண். அவர்களுடைய கைகள் பட்டறைச் சுவரில் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. முகம் பார்க்காமல் இத்தனை பேரோடு கைகுலுக்கியவன் ஜில்லாவிலேயே அவன் ஒருவன்தான்.

பிறகு மெதுவாக ஒரு கேள்வி வர ஆரம்பித்தது. நீங்கள் ஜம்போலாவில் இருக்கிறீர்களா? இல்லை என்றால் எதிர்முனையில் குரல் ஒரு படி இறங்கும். “உங்களை நம்புறேன் பாய். ஆனா ஜம்போலாவுல இருந்தா இன்னும் கொஞ்சம் நம்புவேன்” என்று தூத்துக்குடிக்காரரே ஒருநாள் சொன்னார். அவர் ஏற்கெனவே ரியாஸின் இரண்டு கிட்டார்களை வாசித்துக்கொண்டிருந்தவர். கேட்பவர்கள் குறைந்து, சுவரில் புதுக் கை எதுவும் ஏறாத ஒரு காலம் வந்ததும் நசீமா கணினி முன் உட்கார்ந்தாள்.

ஜம்போலா கையின் வரைபடம் கேட்கவில்லை. சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று கட்டங்களில் மனித இனத்தின் கைகளை முடித்திருந்தது. அடுத்த கேள்வி, என்ன மரம் என்பது. ரோஸ்வுட், மகாகனி, மேப்பிள், மற்றவை. நசீமா தயங்கினாள். “வேற எதாச்சும் நல்ல பேராப் போடுவமா மச்சான்?”

“அதுக்கு நல்ல பேரு இல்லைங்கிறதுனாலதானே நான் கிட்டார் செய்றேன். அதையே போடு” என்றான் ரியாஸ்.

மற்றவை என்ற கட்டத்தில் அவள் சீமைக்கருவேலம் என்று எழுதினாள். இந்தத் தேசத்தில் அந்தக் கட்டத்தில் உண்மையை எழுதிய முதல் ஆள் அவளாகத்தான் இருக்கவேண்டும். ஒரு வாரத்துக்குள் ஜம்போலா அதற்குப் பதில் எழுதியது.

‘அன்பான விற்பனைக் கூட்டாளரே! மகிழ்ச்சிச் செய்தி. தங்கள் பொருள் தவறான வகையில் தவித்துக்கொண்டிருந்தது. எங்கள் செயற்கை நுண்ணறிவு அதைக் கண்டெடுத்து அதன் சொந்த வீட்டில் சேர்த்துவிட்டது. புதிய முகவரி: சமையல், எரிபொருள், விறகு.’

போய்ப் பார்த்தார்கள். ரியாஸின் கிட்டார் ஒரு கட்டுச் சவுக்குக்கும் ஒரு மூட்டை தேங்காய்ச் சிரட்டைக்கும் நடுவே, வழி தவறி வந்த மாப்பிள்ளைபோல வெட்கத்தோடு நின்றுகொண்டிருந்தது. கீழே, இதைப் பார்த்தவர்கள் தீப்பெட்டியும் வாங்கினார்கள் என்று ஒரு குறிப்பு. அதற்கும் கீழே, உங்கள் விறகின் விலை மற்ற விறகுகளைவிடப் பலநூறு மடங்கு அதிகமாக உள்ளது, மனசாட்சியோடு பரிசீலிக்கவும் என்று ஒரு அறிவுரை.

கிட்டார் வகையிலே யார் இருக்கிறார்கள் என்று நசீமா தேடினாள். ஏதோ தொழிற்சாலையில் அழுத்திய அட்டையில் செய்து ரோஸ்வுட் தாள் ஒட்டிய கிட்டார் ஒன்று முதலிடத்தில் இருந்தது. ‘கையால் செய்தது’ என்ற தங்க முத்திரை அதன்மேல் மின்னியது. அத்தாட்சியாக ஒரு படம் வேறு. யாரோ ஒருவர் உளியைப் பிடித்துக் கிட்டாரின் கழுத்தைச் செதுக்குகிற படம். ரியாஸ் நெருங்கிப் பார்த்தான். கட்டைவிரலில் ஷார்ஜா ரம்பம் போட்ட தழும்பு இருந்தது. அது அவன் கை, நசீமா கடை திறந்தபோது எடுத்துப் போட்ட படம்.

நசீமா உடனே புகார் எழுதினாள். பதிலும் உடனே வந்தது. மேற்படிக் கை, மேற்படி நிறுவனத்தால் ஏற்கெனவே பதிவுசெய்யப்பட்டிருக்கிறது என்றும், இனிமேல் தங்கள் படங்களில் அந்தக் கையைப் பயன்படுத்தினால் உரிமை மீறலாகக் கருதப்படும் என்றும், இயன்றால் வேறு கையைப் பயன்படுத்துமாறும் அதில் கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தது. ரியாஸ் இரண்டு நாளைக்கு இடது கையால் சாப்பிட்டு நசீமாவிடம் திட்டு வாங்கினான்.

விறகு வகையிலிருந்து முதல் ஆர்டர் கோயம்புத்தூரில் ஒரு சுட்ட கோழி உணவகத்திலிருந்து வந்தது. இத்தனை விலை வைத்திருக்கிறார்கள் என்றால் இந்த விறகில் ஏதோ இருக்கிறது என்று அதன் முதலாளி முடிவு செய்திருக்கவேண்டும். அனுப்பாவிட்டால் கடையின் ஆரோக்கியம் கெட்டுவிடும் என்று ஜம்போலா சிவப்பு எழுத்தில் எச்சரித்தது. கடைக்கு ஆரோக்கியம் என்று ஒன்று உண்டு; அது கெட்டால் கடை செத்துவிடும், இணையத்தில் யாருக்கும் அதன் பிணம்கூடத் தெரியாது. வாங்குபவரின் போன் எண்ணை ஜம்போலா மறைத்துவிடுவதால் பேசிப் பார்க்கவும் வழியில்லை. கண்ணால் பார்த்தால் கிட்டார் என்று தெரியாமலா போகும் என்று ரியாஸ் அனுப்பிவைத்தான். பெட்டியின் மேலே நசீமா கொட்டை எழுத்தில், ‘இது கிட்டார். எரிக்காதீர்கள்’ என்று எழுதினாள்.

மதிப்புரை வந்தது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ‘நல்ல அனல். நின்று எரிகிறது. கொஞ்சம் வார்னிஷ் வாடை. உள்ளே இருந்த கம்பிகள் எரியவில்லை, உணவில் விழாமல் பார்த்துக்கொள்ளவும்.’

ரியாஸ் அன்றைக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டு வெளியே கல்லில் உட்கார்ந்திருந்தான். அந்தக் கிட்டாரின் பக்கப் பலகையை நனைத்துச் சூட்டில் வளைக்கும்போது இரண்டு முறை முறிந்தது. மூன்றாம் முறை அது தானாக, சொன்னபடி வளைந்து கொடுத்தது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இனி உலகத்தில் யாருக்கும் இல்லை. அவனுக்கு எரிந்ததுகூடப் பெரிதாகப் படவில்லை. நின்று எரிந்தது என்று பாராட்டியிருந்தார்களே, அதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

இதற்குள் பெட்டியின் மேல் எழுதிய வாசகத்துக்காக ஜம்போலா அவர்களுக்குக் கறுப்புப் புள்ளி ஒன்று வைத்திருந்தது. குற்றம்: வாடிக்கையாளர் பொருளைப் பயன்படுத்துவதைத் தடுக்க முயன்றது.

முனீஸ்வரனிடம் போய்ச் சொன்னபோது அவன் பரிதாபப்படவில்லை. அவனுடைய கரியும் ஜம்போலாவில் ஏறியிருந்தது. அதைச் செயற்கை நுண்ணறிவு முகப்பூச்சு வகையில் சேர்த்துவிட்டது. எண்ணெய் வழியும் சருமத்துக்கு உகந்தது என்று அதுவே எழுதியும் கொடுத்துவிட்டது. பம்பாயிலிருந்தெல்லாம் பெண்கள் கேள்வி கேட்கிறார்கள் என்றான். “ஏலே ரியாஸு, எதுத்துப் பேசாத. எம் மூஞ்சியப் பாரு, நாப்பது வருசமாக் கரி அப்புன மூஞ்சி. இதை நம்பி வாங்குறாக. அவுக என்ன சொல்றாகளோ அதுதான் நாமன்னு இருந்துக்கிடணும்” என்று புத்தி சொன்னான்.

மேல்முறையீடு போட்டதில் ஒரு நன்மை நடந்தது. சரிபார்ப்பு அலுவலர் ஒருவர் நேரில் வருவார் என்று செய்தி வந்தது. ஹரி என்பவர், மதுரையிலிருந்து, முப்பது வயதிருக்கும், தோளில் ஒரு பையும் கையில் ஒரு டேப்லட்டுமாக வந்து இறங்கினார். பைக்குள் விறகின் ஈரத்தை அளக்கும் கருவி, ஒரு தராசு, ஒரு டஜன் தீப்பெட்டி. கொட்டகைக்குள் நுழைந்தவர் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டார். கல்லூரியில் வாசித்தவராம். கம்பி மாட்டிய ஒன்றைக் கேட்டு வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி வாசிக்க ஆரம்பித்தார். ரோட்டில் போன ஒரு பஸ், நிறுத்தம் இல்லாத இடத்தில் கொஞ்சம் வேகம் குறைந்ததுபோல் ரியாஸுக்குத் தோன்றியது. நசீமா டீ போட்டுக்கொண்டுவந்து கொடுக்க மறந்து நின்றாள்.

முடித்துவிட்டு ஹரி கண்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு டேப்லட்டை எடுத்து, ஈரப்பதம் திருப்திகரம், பூச்சி அரிப்பு இல்லை என்று இரண்டு கட்டங்களில் குறியிட்டார்.

“கிட்டாருன்னு போடலையா சார்?” என்றான் ரியாஸ்.

“எனக்குத் தெரியுது பாய். இதுக்குத் தெரியலையே” என்று டேப்லட்டைக் காட்டினார். “இதுல எந்த மாதிரி விறகுன்னுதான் கேட்குது. விறகான்னு கேட்கலை.”

தீ வைத்துப் பார்க்கும் சோதனையை மட்டும் அவர் செய்யவில்லை. செய்ததாகக் குறித்துக்கொண்டார். தன் பணிக்காலத்தில் தான் செய்த ஒரே புரட்சி இது என்று போகும்போது ரகசியமாகச் சொன்னார்.

அவர் போன மறுவாரம் பெரிய ஆர்டர் வந்தது. மலைமேல் ஒரு சொகுசு விடுதி. வருஷப் பிறப்புக்கு விருந்தினர்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடி மகிழ்வதற்காக, கையிருப்பில் உள்ள விறகு முழுவதையும் கேட்டிருந்தார்கள். அதாவது கொட்டகையில் தொங்குகிற அத்தனை கிட்டார்களையும். கூடவே ஜம்போலாவிலிருந்து ஒரு அட்டைக் கிட்டாரும் வாங்கியிருப்பதாகத் தகவல் காட்டியது. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பதற்கு.

“அனுப்பக்கூடாது” என்றாள் நசீமா. ரத்து செய்யப் போனாள். காரணம் கேட்டது. விறகு நனைந்துவிட்டது, விறகு தீர்ந்துவிட்டது, விறகு வெட்டுபவருக்கு உடல்நலமில்லை. இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். அவள் மூன்றையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கணினியை மூடினாள். “பொய் சொல்லித் தப்பிக்கிறதா இருந்தா அன்னைக்கே ரோஸ்வுட்டுன்னு போட்டிருக்கலாமே மச்சான்.”

இந்த நிலைமையில்தான் ரியாஸுக்கு விருது அறிவிக்கப்பட்டது. ஆண்டின் சிறந்த எரிபொருள் கைவினைஞர். அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜம்போலாவின் தென்மாவட்டக் கூட்டாளர் பெருவிழா. வகைப்பாட்டுத் துறையின் தலைவி பிருந்தா மேடமே நேரில் வருகிறார். விருது வாங்குபவர் மேடையில் மூன்றாண்டு எரிபொருள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார். விடுதிக்கான லாரி மறுநாள் காலை வரும்.

ரியாஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். நசீமாவும் வந்தாள். மண்டப வாசலில் ஒவ்வொருவர் வகைக்கும் ஏற்ற நிறத்தில் கையில் பட்டை கட்டினார்கள். ரியாஸுக்குத் தீச்சுடர் போட்ட பட்டை. அதைப் பார்த்த காவலாளி கையை நீட்டித் தடுத்தார். மண்டபத்துக்குள் விறகு கொண்டுபோகக்கூடாது, தீயணைப்பு விதி, பின்வாசல் வழியாகச் சமையல்கட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். பட்டையையும் கிட்டாரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பட்டையைத்தான் நம்பினார்.

சமையல்கட்டில் பிச்சையம்மாள் என்கிற சமையல்காரம்மா வடைச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ரியாஸ் தயங்கித் தயங்கி உள்ளே நுழைந்ததும் திரும்பிப் பார்த்தவர், “ஏப்பா, கிட்டார அடுப்புக்கிட்டக் கொண்டுவராத. எண்ணெ தெறிக்கும்” என்றார்.

எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு ஒருவர் அந்தச் சொல்லைத் தானாகச் சொல்லிக் கேட்ட ரியாஸ், கிட்டாரைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான். நசீமா அந்த அம்மாவின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பந்தி பரிமாறும் கதவு வழியாக அவனை மண்டபத்துக்குள் இழுத்துப்போனாள்.

உள்ளே ஜில்லாவின் பாதி வியாபாரிகள் இருந்தார்கள். வாஷர், போல்ட் வகையில் சேர்க்கப்பட்ட ஒரு முறுக்குக் கடைக்காரர், தன்னை இரும்பு வியாபாரி என்று அறிமுகம் செய்துகொண்டார். முனீஸ்வரன் ரோஜா நிறப் பட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பொலிவு விருது.

விழா தொடங்குமுன் ரியாஸையும் நசீமாவையும் மணமகள் அறைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு முன்னால் பிருந்தா மேடம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஹரி, தரையைப் பார்த்துக்கொண்டு. மேடம் கனிவானவர். பிரச்சினையைப் படித்துவிட்டதாகச் சொன்னார். அது மிகச் சுலபமானது என்றார். மரம் என்ற கட்டத்தில் ரோஸ்வுட் போன்றது என்று திருத்திவிட்டால் போதும். நாளைக் காலை அது கிட்டார் ஆகிவிடும், லாரியும் வராது.

“அது பொய்யில்லையா மேடம்?” என்றாள் நசீமா.

“போன்றது என்பது எப்படிப் பொய்யாகும்? எல்லாம் ஏதோ ஒன்றைப் போன்றதுதானே” என்றார் மேடம். கிட்டார் வகையில் இருக்கிற அத்தனை பேரும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள் என்றும் ஆறுதல் சொன்னார். “கிட்டார் வேண்டுமென்றால் கருவேலம் வேண்டாம். கருவேலம் வேண்டுமென்றால் கிட்டார் வேண்டாம். உங்களுக்குத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருக்கிறது. ஜம்போலா சுதந்திரத்தை நம்புகிறது.”

ரியாஸுக்கு அந்த நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஒரே ஒரு சொல். கொட்டகையில் தொங்குவதெல்லாம் பிழைத்துக்கொள்ளும். சுவரில் புதுக் கைகள் ஏறும். ஆனால் அந்த ஒரு சொல்லோடு, இனிமேல் தன் கிட்டாரை மடியில் வைக்கிற எவரும் அது எங்கே வளர்ந்தது என்று தெரிந்துகொள்ளப் போவதில்லை. திட்டு வாங்கியே வளர்ந்த மரம், பாடும்போதும் இன்னொருத்தர் பேரில் பாடவேண்டும். “எனக்கு ரெண்டும் வேணும் மேடம்” என்றான். அவ்வளவு சத்தமாகப் பேசியதில் அவனுக்கே ஆச்சரியம். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். விழாவுக்கு நேரமாகியிருந்தது.

மேடையில் பிருந்தா மேடத்தின் உரை அருமையாக இருந்தது.

“நண்பர்களே, பழைய கடைத்தெருவின் நோய் என்ன? அங்கே கடைக்காரர் பொருளைப் பார்க்கிறார். பார்த்தால் பிரியம் வருகிறது. பிரியம் வந்தால் பாரபட்சம் வருகிறது. ஜம்போலாவில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறோம். எங்களில் யாரும் இன்றுவரை நாங்கள் விற்கிற ஒரு பொருளையும் கண்ணால் பார்த்ததில்லை என்று பெருமையோடு சொல்வேன்.” பலத்த கைதட்டல். “பொருளுக்குக் குணம் இருக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இல்லை. பொருளுக்கு வகைதான் இருக்கிறது. வாடிக்கையாளர் தேடுவதைக் கொடுப்பது பழைய வியாபாரம். கொடுப்பதையே தேடும்படி வாடிக்கையாளரைப் பக்குவப்படுத்துவது எங்கள் வியாபாரம். முறுக்கை வாஷராக வாங்கியவர்களில் பாதிப் பேர் திருப்தி தெரிவித்திருக்கிறார்கள். மீதிப் பேரின் இயந்திரங்கள் ஓடவில்லை. ஆனால் அவர்களும் நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள்.”

முறுக்குக் கடைக்காரர் எழுந்து கும்பிட்டார்.

ரியாஸின் பெயரை அழைத்தார்கள். அவன் கிட்டாரோடு மேடை ஏறினான். தீச்சுடர் வடிவில் ஒரு கண்ணாடிக் கோப்பை, ஒரு சால்வை, ஒரு ஒப்பந்தம், ஒரு பேனா. அவன் எதையும் தொடவில்லை. சால்வை போட வந்தவரின் கைக்குக் கீழே குனிந்து நழுவி, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண் உட்காரப் போட்டிருந்த சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தான். கிட்டாரை மடியில் வைத்தான். வாசிப்பில் அவன் பெரிய ஆள் இல்லை. கம்பியைச் சுருதி சேர்க்கத் தேவையான அளவுதான் தெரியும். ஆறு கம்பிகளையும் ஒரு இழு இழுத்தான்.

அந்த மண்டபத்தில் அதுவரை பேசப்பட்டதெல்லாம் ஒரு நொடி இல்லாமல் போனது. காய்ந்த கண்மாயில் முதல் தண்ணீர் வந்து சேர்கிறபோது அடிமண் விடுகிற மூச்சுபோல ஒரு சத்தம், கீழே கிடந்து, பிறகு மெல்ல எழுந்து மின்விசிறிகள் வரை போய்த் திரும்பிவந்தது. சமையல்கட்டுக் கதவிடுக்கில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

தொகுப்பாளர் பதறி மைக்கைப் பிடித்தார். “மன்னிக்கணும், ஒலிபெருக்கியில் சிறு கோளாறு. உடனே சரிசெய்யப்படும்.”

“ஒலிபெருக்கியில ஒண்ணும் இல்ல” என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. முனீஸ்வரன் எழுந்து நின்றிருந்தான். ரோஜா நிறப் பட்டையை மணிக்கட்டிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தான். “அது நான் வெட்டிக் குடுத்த மரம். எங்கூருக் கண்மாயில நின்னது. கிட்டாருதான் அது. நான் விக்கிறதுதான்யா கரி. மூஞ்சில பூசுறவுக கேட்டுக்கிடுங்க, அடுப்புக்கரி.”

நாற்காலிகள் கிரீச்சிட்டன. முறுக்குக் கடைக்காரர் தன் பட்டையைக் கடித்து அறுக்கப் பார்த்தார். ஹரி மேடையின் படிக்கட்டில் நின்று, டேப்லட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையை மட்டும் மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார். ஆமாம் என்றா, வேண்டாம் என்றா, தெரியவில்லை. காவலாளி தீயணைப்புக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, எதை அணைப்பது என்று புரியாமல் நின்றார்.

பிருந்தா மேடம் மட்டும் கலங்கவில்லை. ஒப்பந்தத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு சோபாவுக்கு வந்தார். கையெழுத்துப் போடாவிட்டால் இன்றைக்கே கடை மூடப்படும், இணையத்தில் ரியாஸ் என்ற பெயரில் ஒரு கிட்டார் செய்பவன் இருந்ததற்கான சுவடே இருக்காது என்று, மைக்குக்குக் கேட்காத குரலில், மிகுந்த அக்கறையோடு எச்சரித்தார்.

“மூடுங்க மேடம்” என்றான் ரியாஸ். “லாரி வந்தா வெறும் லாரியாத் திரும்பும். என் கொட்டகை ரோட்டுலதான் இருக்கு, வேணுங்கிறவுக பஸ்ஸ விட்டு எறங்கி வரட்டும்.”

நசீமா மேடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். பயமா சந்தோஷமா என்று சொல்ல முடியாத ஒரு முகத்தோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரியாஸ் எழுந்தான். தொகுப்பாளரின் கையிலிருந்த மைக்கை வாங்கி இடது கையில் வைத்துக்கொண்டான். பதிவுசெய்யப்பட்ட வலது கையால் கிட்டாரின் கழுத்தைப் பிடித்து, தூங்குகிற குழந்தையை நீட்டுவதுபோல, ஜம்போலாவின் வகைப்பாட்டுத் துறைத் தலைவிக்கு முன்னால் நீட்டினான். மேடத்தின் இரண்டு கைகளும் ஒப்பந்தத்தை இறுக்கிப் பிடித்திருந்தன.

“ஒரு நிமிசம் கையில வாங்குங்க மேடம். எந்தக் கம்பியா இருந்தாலும் சரி, ஒரு தட்டுத் தட்டுங்க. தட்டிட்டு, இந்தா மைக்கு, இது என்னதுன்னு நீங்களே இவுக எல்லாருக்கும் சொல்லுங்க.”